சகாயம் கையசைத்த படம்

1

நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஒரு ஆறு கடலோடு சேரும் இடத்தில். ஆறு என்று சொல்கிறேனே தவிர, நீர் வற்றும் நேரத்தில் பார்த்தால் வெறும் சேறுதான். சேற்றைச் சுற்றிச் சதுப்பு நிலம், அதற்கு மேல் புல் முளைத்த கரை, கரையின் மேல் நடைபாதை. பாதை தொடங்கும் இடத்தில் கவுன்சில் ஒரு பலகை வைத்திருக்கிறது. எந்தப் பாதையில் நாயைக் கூட்டிப் போகலாம், எங்கே வாரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், பறவைகள் முட்டையிடும் மாதங்களில் எந்தப் பக்கம் போகவே கூடாது, நாய்க்குக் குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும், எல்லாம் அதில் படத்தோடு இருக்கும். நாயின் கழிவைப் பையில் கட்டிப் போடுவதற்கான சிவப்புத் தொட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதும் இருக்கும். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது நின்று சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிற ஆளாகிவிட்டேன்.

டாஃபி எங்கள் மகள் அடம்பிடித்து வாங்கிய நாய். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது புத்தகங்களையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். வாரம் ஒருமுறை போன் செய்து முதலில் நாயை விசாரிப்பாள், பிறகு எங்களை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். டாஃபியிடம் நான் தமிழில்தான் பேசுகிறேன். "அங்கன போகாத", "போதும் வா" எல்லாம் அதற்கு நன்றாகப் புரியும். இந்த வீட்டில் தமிழுக்குக் கட்டுப்படுகிற ஒரே பிள்ளை அதுதான் என்று என் கணவர் சொல்வார். அவர் பரமக்குடிக்காரர், கேலி இல்லாமல் அவருக்குப் பேச வராது.

நர்ஸ் வேலைக்காக இங்கே வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. நாய் வந்த பிறகுதான் ஊர் எங்களைப் பார்த்தது. கரையில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் நின்று வணக்கம் சொன்னார்கள். எதிரே ஆள் வந்தால் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தூரத்தில் இருந்தால் கையாவது அசைக்க வேண்டும். அப்படிச் செய்யாதவன் இங்கே மனுஷனே இல்லை. நானும் கற்றுக்கொண்டேன். மழையில் நனைந்து மூக்கு ஒழுகும்போதும் கையசைத்தேன். அப்படித்தான் பமீலா நடத்துகிற நாய் நடைக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். டாஃபியின் அம்மா என்ற பெயர் மாறி, கொஞ்சம் கொஞ்சமாக மேரி ஆனேன்.

பமீலா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வருடா வருடம் குழுவின் சார்பில் ஒரு நாள்காட்டி போடுவார். உறுப்பினர்கள் நடந்த இடங்களின் படங்கள்தான் அதில் இருக்கும். போன வாரம் தேநீருக்குக் கூப்பிட்டு, மேசையில் படங்களைப் பரப்பி வைத்தார். "ஜனவரிக்கு உன் படம்தான், மேரி. ஒருவர்கூட மறுக்கவில்லை" என்றார்.

போன ஜனவரியில் நான் ஊரிலிருந்து குழுவுக்கு அனுப்பிய வீடியோவில் இருந்து எடுத்து, பெரிதாக்கிய படம் அது. விடியற்காலைப் பனி. உப்பங்கழியில் வரிசையாகப் பூநாரைகள். இந்தப் பக்கம் கருவேலம் புதர்கள். புதர்களுக்கு நடுவே அங்கொருவரும் இங்கொருவருமாகச் சேலை கட்டிய பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க, ஒருத்தி மட்டும் நம் பக்கம் திரும்பி, பாதி கையை உயர்த்தி அசைக்கிறாள்.

"எவ்வளவு அன்பான வரவேற்பு! இத்தனை சீக்கிரமே எழுந்து பறவை பார்க்க வந்திருக்கிறார்களே" என்றார் பமீலா.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை, ஊருக்கு ஒதுக்குப்புறம், கருவேலம் புதர், எழுந்து நிற்கும் பெண்கள். படத்தைப் பார்க்காமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத்தான் அன்று புரியவில்லை.

2

எங்கள் ஊர் இராமேசுவரம் தீவில் ஒரு மீனவக் குடியிருப்பு. மாதா கோயில், அதைச் சுற்றி வீடுகள், வடக்கே கடற்கரை, தெற்கே உப்பங்கழி. ஜனவரியில் நானும் கணவரும் மட்டும் போயிருந்தோம். மகளுக்குத் தேர்வு. டாஃபியையும் கூட்டிப் போகலாமா என்று ஆரம்பத்தில் ஒரு ஆசை இருந்தது. தடுப்பூசிச் சான்று, சிப் எண், இரத்தப் பரிசோதனை, இறக்குமதி அனுமதி என்று ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டியதில் அந்த ஆசை போய்விட்டது. நாய் விடுதியில் விட்டுவிட்டுப் போனோம்.

பழகிய காலுக்கு நடக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் வீட்டில் மணி என்று ஒரு நாய் உண்டு. அதற்குக் கழுத்துப் பட்டையும் கிடையாது, வாரும் கிடையாது. படகு நிற்கிற இடத்தில் படுத்திருக்கும், பசித்தால் வீட்டுக்கு வரும். நான் வலைக்கயிற்றில் ஒரு துண்டை வெட்டி அதன் கழுத்தில் கட்டினேன். மணி என்னை ஒரு பார்வை பார்த்தது. திண்ணையில்லாத அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"ஏலே, மணிய யாருலே பிடிச்சுக் கட்டுனது? என்ன குத்தம் பண்ணான்?" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இவர்களுக்கு நடை என்றால் என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைப்பானேன்.

குழுவில் எல்லோரிடமும், என் ஊர்ச் சதுப்பு நிலத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். தெற்கே பூநாரை வந்து இறங்கியிருக்கிறது என்று அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்த நாள் விடிவதற்கு முன்பே கணவரை எழுப்பி, மணியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். உப்பங்கழிக்குப் போகப் பாதைகள் பல இருக்கின்றன. நான் யோசிக்காமல் ஒரு பாதையில் இறங்கினேன். கோயிலுக்குப் பின்னால் திரும்பி, உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடிகளைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் நுழைகிற ஒற்றையடிப் பாதை. இருட்டில்கூடக் கால் தடுமாறவில்லை. எத்தனை வருடம் ஆனாலும் வழி மறக்கவில்லையே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏன் மறக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், அங்கேயே நின்றிருப்பேன்.

வெளுக்க ஆரம்பித்தது. போனை எடுத்து வீடியோ போட்டேன். என் அரைகுறை ஆங்கிலத்தில், "இதுதான் எங்கள் கழிமுகம், இது மணி, டாஃபியின் ஒன்றுவிட்ட தம்பி" என்று பேசிக்கொண்டே நடந்தேன். கணவர் நின்றுவிட்டார்.

"மேரி, திரும்பிருவோம்."

"ஏன்? அங்க மழையிலயும் பனியிலயும் நடப்பீக. இங்கன வந்ததும் கால் வலிக்குதாக்கும்?"

"அதுக்கில்ல. வேற பக்கமாப் போவோமே."

"பூநாரை இந்தப் பக்கந்தான் இருக்கு. பேசாம வாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். புதர்களுக்குப் பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பனிக்குள் சேலை நிறங்கள் தெரிந்தன. வெளிநாட்டிலிருந்து மேரி வந்திருக்கிறாளே, யாரென்று பார்க்க எழுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தூரத்தில் ஆள் தெரிந்தால் என்ன செய்யப் பழகியிருந்தேனோ அதைச் செய்தேன். கையை உயர்த்தி, நன்றாக, அகலமாக அசைத்தேன்.

ஒரு கை மட்டும் பதிலுக்கு அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவை அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். இங்கிலாந்து கண் விழித்ததும் வரிசையாக இதயங்களும் பாராட்டுகளும் வந்தன.

3

அண்ணன் மனைவி தெரேசா மதினி மத்தியானம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வந்த பாராட்டுகளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேரி, காலையில கருவைக்காட்டுப் பக்கமா போனீக?"

"ஆமா மதினி. பூநாரை பாக்க."

"அண்ணனையுமா கூட்டிட்டுப் போன?" என் கணவரை அவர் அண்ணன் என்றுதான் சொல்வார்.

"ஆமா. ஏன்?"

"அது பொம்பளைக ஒதுங்குற எடம்னு ஒனக்குத் தெரியாதா? நீயும் அங்கன போனவதான? ஆம்பளையக் கூட்டிட்டுப் போயி, போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு... கைய வேற ஆட்டுனியாம்."

மதினி கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார்.

அண்ணன் வீட்டில் இப்போது ஓடு பதித்த கழிப்பறை இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் உபயோகிக்கிறேன். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வாசலுக்கு வாசல் சின்னச் சின்ன அறை கட்டிக் கொடுத்திருப்பதைப் பார்த்தும் இருக்கிறேன். அதற்குள் ஊற்றத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டதில்லை. குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்து, குடத்தில் பிடித்து, பொத்திப் பொத்திச் செலவழிக்கிற ஊர். பல வீடுகளில் அந்த அறைக்குள் வலையும் மிதவைக் கட்டையும்தான் கிடக்கின்றன. பெண்கள் பழையபடி தெற்கே போகிறார்கள், ஆண்கள் வடக்கே போகிறார்கள்.

கல்யாணம் ஆகிற வரைக்கும் நானும் அந்தப் பாதையில்தான் விடிவதற்கு முன் போய்வந்தேன். என் கால் மறக்காத பாதை அதுதான். துணைக்குச் சகாயம் வருவாள். பக்கத்து வீட்டுக்காரி, என் வயசுக்காரி, ஒரே வகுப்பு. போகிற வழியிலும் வருகிற வழியிலும் எங்கள் கதைகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. யாரைக் கட்டிக்கொள்வது என்பதுகூட.

அதற்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தவறிப்போய் ஆண்கள் அந்தப் பக்கம் வர நேர்ந்தால் தூரத்திலேயே செருமிக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் சத்தமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். சத்தம் கேட்டதும் நாங்கள் எழுந்து நிற்போம். நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். வந்தவர் குனிந்த தலை நிமிராமல் தாண்டிப் போவார். முகம் தெரியாத வரைக்கும் அங்கே நிற்பது இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று கிடையாது. வெறும் சேலைதான். பிறகு அதே ஆளைத் தெருவில் பார்க்கும்போது தலை நிமிர்ந்து பேசலாம். மறைக்கச் சுவர் இல்லாத இடத்தில் எங்களுக்கு இருந்த மறைப்பு அது ஒன்றுதான்.

இங்கே மரியாதை என்றால் ஆளைப் பார்ப்பது. அங்கே, அந்த இடத்தில், அந்த நேரத்தில், மரியாதை என்றால் பார்க்காமல் இருப்பது. முதலாவதைக் கற்றுக்கொள்ளும் அவசரத்தில் இரண்டாவதைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். பரமக்குடிக் கடைத்தெருவில் வளர்ந்த என் கணவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அவரிடம் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் திரும்பிருவோம்னீகளா?"

"ஆமா."

"வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"ஒன் ஊரு. ஒனக்குத் தெரியாமயா கூட்டிட்டுப் போறன்னு நெனச்சேன். அதுவும் போயி நான் ஒனக்கு எடுத்துச் சொல்ற விசயமா?"

"கையசச்சது யாரு மதினி?" என்று மறுநாள் மதினியிடம் கேட்டபோது, "யாரு ஆட்டுவா? சகாயந்தான்" என்றார். அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறதாம். வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்க நாள் முழுக்கக் குத்தவைத்துக் குத்தவைத்து வந்த வினை. உட்கார்ந்தால் எழுவதற்குக் கருவேலங்கிளையைப் பிடிக்க வேண்டுமாம், முள் கையில் ஏறுமாம். நான் பூநாரை பார்க்க வந்ததால் அவள் அன்று அப்படி எழ வேண்டியிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஊரில் இருந்த நாட்களில் நான் சகாயத்தைப் போய்ப் பார்க்கவில்லை. அவள் வீட்டு வழியை விட்டுவிட்டுக் கோயிலைச் சுற்றிப் போனேன். கிளம்பும் அன்று அவள் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்துவிட்டிருந்தாள். பெட்டியெல்லாம் வாடை வீசும் என்று அதையும் மதினி வீட்டிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நாளாக நாளாக எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

4

பமீலா வீட்டு மேசையில் அந்தப் படத்தைப் பார்த்ததும், இனி இது ஊரெல்லாம் அடுப்படிச் சுவரில் ஒரு மாதம் முழுக்கத் தொங்கப்போகிறது என்று நினைத்தேன். சகாயத்தின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சம் சிரிக்கிற மாதிரிகூட இருந்தது.

"இதை மட்டும் போட வேண்டாம், பமீலா."

"ஏன்? எவ்வளவு அழகான படம்!"

என் வாயில் உண்மை வரவில்லை. வந்தது இதுதான்: "அது அவர்கள் ஜெபம் செய்கிற நேரம். அப்போது படம் எடுக்கக் கூடாது. நான் தெரியாமல் எடுத்துவிட்டேன்."

மாதா கோயில் நிழலில் வளர்ந்தவள் சொன்ன பொய்யைப் பாருங்கள். பமீலாவின் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பயபக்தியோடு படத்தை மறுபடி பார்த்தார். "அதனால்தான் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறார்களா! எனக்கு அப்போதே ஏதோ தோன்றியது" என்றார். நான் தலையாட்டினேன். இதோடு தொலைந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

தொலையவில்லை. இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. பமீலா தங்கள் கோயில் பாதிரியாரிடம் கேட்டிருக்கிறார். தூரத்திலிருந்து மரியாதையோடு எடுத்த படம்தானே, தப்பில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். படத்துக்குக் கீழே போட ஒரு வரியும் எழுதியிருந்தார்: இந்தியாவின் தென்கோடியில், அதிகாலை ஜெபத்துக்கு நடுவிலும் விருந்தினரை வரவேற்கும் பெண்கள். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போகிறது, மேரி, நீ சந்தோஷப்படுவாய் என்று முடித்திருந்தார்.

கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"உண்மையச் சொல்லிர வேண்டியதுதான."

"எப்படிச் சொல்ல? நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாக?"

"அப்ப சகாயத்தப் பத்தி?"

டாஃபியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அது வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான காரியத்தை முடித்தது. நான் குனிந்து பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, சிவப்புத் தொட்டியில் போட்டேன். தினமும் செய்கிற வேலைதான். அன்று தொட்டியின் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இந்த நாய்க்கு வழி நெடுக இடம் ஒதுக்கி, பலகையில் எழுதி, லாரி வைத்து அள்ளுகிறார்கள். நிரம்பினால் நான் போன் போட்டுக் கத்துகிறேன். சகாயத்துக்காக ஒரு நாளாவது ஒருவரிடமாவது நான் கத்தியதுண்டா? கிடையாது.

இத்தனை வருடமாக இவர்களிடம் நான் காட்டி வைத்திருக்கிற ஊரில் நீலக் கடல் இருக்கிறது, மாதா கோயில் திருவிழா இருக்கிறது, பூநாரை இருக்கிறது. அந்தப் படம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். சகாயத்தின் மானத்தைக் காப்பாற்ற இல்லை. பமீலாவுக்கு முன்னால் எனக்குச் சகாயத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. காலையில் எழுந்து இயற்கை உபாதைக்குப் போன ஒரு பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவள் நான். அப்படியிருந்தும் அவளுக்காகத்தான் வெட்கப்பட்டேன், எனக்காக இல்லை.

5

வியாழக்கிழமை நடையில் பமீலாவோடு சேர்ந்துகொண்டேன். அவருடைய கிழட்டு நாயும் டாஃபியும் முன்னால் போக, சதுப்பு நிலத்து மரப்பாலத்தில் வைத்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல், அவர்கள் எதற்காக அங்கே இருந்தார்கள், ஏன் எழுந்தார்கள், ஏன் திரும்பிக்கொண்டார்கள், ஜெபம் என்று நான் சொன்னது பொய் என்று எல்லாம் சொன்னேன்.

பமீலா பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கழுத்து வரை சிவந்துவிட்டது.

"அப்படியானால் அவர்கள் நம்மைப் பார்க்க எழவில்லை. நம்மால் எழுந்திருக்கிறார்கள்" என்றார்.

"உங்களால் இல்லை, என்னால்."

"படத்தைப் பார்த்து ரசித்தவள் நான்தானே." பிறகு, "வீட்டிலேயே ஒரு கழிப்பறை கட்டிக்கொள்ளக் கூடாதா அவர்கள்?" என்று கேட்டார்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. தண்ணீர் லாரியைப் பற்றி, உப்புக் கிணற்றைப் பற்றி, குடம் சுமக்கிற இடுப்பைப் பற்றி, மூச்சு விடாமல் பேசினேன். பாதி தமிழிலேயே பேசியிருப்பேன் போலிருக்கிறது, டாஃபி திரும்பி ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டது. பமீலா அங்கேயே போனை எடுத்துப் படத்தை அழித்தார். குழுவில் எல்லோருக்கும் எழுதி வீடியோவை அழிக்கச் சொன்னார். காரணத்தை அவர் எழுதவில்லை, மேரி கேட்டுக்கொண்டதால் என்று மட்டும் எழுதினார்.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு நெஞ்சில் இருந்தது இறங்கவில்லை. மதினியிடம் எண் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துச் சகாயத்துக்குப் போன் செய்தேன்.

"யாரு?"

"மேரிடி."

"எந்த மேரி? தெருவுக்கு நாலு மேரி இருக்காளுக."

"நாந்தான்டி. ஒன்கூடப் படிச்ச மேரி."

"அடியாத்தீ, லண்டன் மேரியா!" நான் இருப்பது லண்டன் இல்லை என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன். "என்னடி அதிசயமா? கருவாடு நல்லாருந்துச்சா?"

நல்லாயிருந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இல்லடி. கொண்டு வரல. மதினி வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

"தெரியும். ஒங்க மதினி வறுத்து எனக்கே ரெண்டு துண்டு குடுத்து விட்டா." சிரித்தாள். வஞ்சகம் இல்லாத சிரிப்பு. "சொல்லு, என்ன விசயம்?"

சொன்னேன். வீடியோ எடுத்ததை, அனுப்பியதை, வெள்ளைக்காரர்கள் நாள்காட்டியில் போட இருந்ததை, ஜெபம் என்று நான் பொய் சொன்னதை, பிறகு உண்மையைச் சொல்லி அழித்துவிட்டதை எல்லாம் சொன்னேன். நடுவே ஒரு தடவை அழுதுவிட்டேன். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"சகாயம்?"

"இருக்கேன்."

"கோவமாடி?"

"எம் மூஞ்சி தெரிஞ்சுச்சா அதுல?"

"தெரிஞ்சுச்சு."

"மத்தவுக மூஞ்சி?"

"யாரு மூஞ்சியும் தெரியல. எல்லாரும் திரும்பிட்டாக. நீ மட்டுந்தான் திரும்பல." விடாமல் கேட்டேன். "ஏண்டி? நீயும் திரும்பிருக்கலாம்ல? ஒம் மூஞ்சி தெரியாமப் போயிருக்கும். எதுக்குடி எனக்குக் கையாட்டுன?"

இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல ஒரு பெருமூச்சு கேட்டது.

"எத்தன வருசங் கழிச்சு வந்திருக்க. அம்புட்டு ஆசையாக் கைய ஆட்டுற. அத்தன பேரும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாளுக. ஒருத்தியாவது ஆட்டலைன்னா ஒனக்கு அசிங்கமாப் போயிராதாடி?"